பெட்டியில் அச்சிடாத எண்கள்

கட்டைவிரல் அகலத் திரை. பாட்டு தொடங்கியதும் பாடியவர் பெயர் வருகிறது: ‘எம்.எஸ். சுப’. அதோடு சரி. மீதிப் பெயர் வரவே வராது. கடையில் கேட்டால், “பாட்டு நல்லாத்தானே சார் கேக்குது?” என்பார்கள். கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ‘புலட்சுமி’ எங்கே போனார் என்ற கேள்விக்கு 1996-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றில் பதில் இருக்கிறது.

எம்பி3 கோப்புக்குள் முதலில் பாட்டு மட்டுமே இருந்தது. யார் பாடியது, எந்த ஆல்பம் என்று எழுதி வைக்க இடமில்லை. அந்த ஆண்டில் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் வாலில் 128 பைட் நீளத்துக்கு ஒரு சீட்டை ஒட்டினார். முதல் 3 பைட் அடையாளத்துக்கு. பாட்டின் தலைப்புக்கு 30, பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும் என்பதால் 30 என்பது தாராளமாகவே தெரிந்திருக்கும். தமிழின் கதை வேறு. இன்று பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். ‘இளையராஜா’ 8 குறி, 24 பைட்; தப்பித்துவிடுகிறார். ‘எம்.எஸ். சுப்புலட்சுமி’க்கோ 60 பைட் வேண்டும். மிகச் சரியாகப் பாதி வழியில், ‘ப’வின் தலையில் புள்ளி வைப்பதற்கு முன்னாலேயே இடம் தீர்ந்துவிடுகிறது. (இசை வகைக்கென ஒதுக்கிய அந்த ஒற்றை பைட்டுக்கு முதலில் போட்ட பட்டியலில் 80 வகைகள் இருந்தன. போல்கா நடன இசைக்குக்கூட ஓர் எண் கிடைத்தது. கர்னாடக சங்கீதத்துக்குக் கிடைக்கவில்லை.)

1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த நெருக்கடியைத் தீர்த்துவிட்டது. நீளமான பெயர், யூனிகோடு எழுத்து எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. ஆனாலும் மலிவு பிளேயர்களில் பல இன்னமும் பழைய சீட்டையே பார்க்கின்றன. புதியதைப் படிக்கிறவையும் தமிழில் தடுக்கி விழுகின்றன. ‘கெ’ என்பது யூனிகோடில் முதலில் ‘க’, அதன்பின் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை இழுத்து முன்னால் போடுவது மென்பொருளின் வேலை. அந்த வேலையைக் கற்காத கருவியில் கொம்பு பின்னால் தொங்கும். தமிழ் எழுத்துருவே இல்லாத கருவியில் வெறும் கட்டங்கள் வரிசையாக நிற்கும்.

இதில் எதையும் பெட்டியின் மேல் அச்சிடுவதில்லை. அங்கே வேறு எண்கள் மின்னும்: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், 128 ஜிபி வரை, 40 மணி நேரம். பிளேயர் வாங்கப் போகிறவர் இந்த எண்களைப் பக்கத்துப் பெட்டியின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, பெரிய எண் உள்ளதை எடுத்துவருகிறார். வேடிக்கை என்னவென்றால், பெரிய எழுத்தில் அச்சிடும் எண்களில் பாதி காதுக்குத் தேவைப்படாதவை. காதுக்கும் விரலுக்கும் தேவைப்படும் எண்கள் பெட்டியில் இருப்பதேயில்லை. மலிவு பிளேயரில் ஒலி என்பது பெரும்பாலும் தீர்ந்துபோன பிரச்சினை. அது எப்படித் தீர்ந்தது என்று தெரிந்துகொண்டால், காசை எங்கே செலவழிக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

கல்யாண வீட்டிலிருந்து தொடங்கலாம். தாலி கட்டும் நேரம் வந்ததும் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் எழும். தவிலும் நாதஸ்வரமும் உச்சத்துக்குப் போகும். அந்நேரத்தில் யாராவது தும்மினாலோ, அபசகுனமாக ஒரு வார்த்தை சொன்னாலோ காதில் விழக்கூடாது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். தும்மல் நடக்காமல் போவதில்லை. அதன் அலை காற்றில் கிளம்பி வந்து செவிப்பறையைத் தொடவும் செய்கிறது. ஆனால் தவிலின் ஆர்ப்பாட்டத்தில் உள்காது அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒலியியலில் இதற்கு ‘மறைப்பு’ என்று பெயர். ஆல்ஃபிரட் மேயர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1876-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஜெர்மனியின் எபர்ஹார்ட் ஸ்விக்கர் பிற்பாடு மனிதச் செவியின் கேட்கும் பரப்பை 24 பட்டைகளாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பட்டைக்குள் பலத்த ஒலி ஒன்று இருந்தால், அதே பட்டையின் மெல்லிய ஒலிகள் மறைந்துபோகும். பலத்த ஒலி நின்ற பிறகும் சுமார் 100 முதல் 200 மில்லி விநாடிக்கு அந்தத் திரை விலகாது. இன்னும் விசித்திரமாக, பலத்த ஒலி வருவதற்குச் சில மில்லி விநாடிகள் முன்பு ஒலித்த மெல்லிய சத்தமும் மறைந்துவிடும். மூளை ஒலியைத் தொகுத்துப் புரிந்துகொள்ள எடுக்கும் நேரத்தில் பின்னால் வந்தது முந்திக்கொள்கிறது.

எம்பி3 என்பது கணினிக்குள் நடக்கும் கெட்டிமேளம். சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள். மாதிரி ஒன்றுக்கு 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய சகாக்களும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து செய்தது, இந்த வெள்ளத்தில் எந்தத் துளிகளைக் காது எப்படியும் கேட்கப்போவதில்லை என்று கண்டுபிடித்து அங்கே துல்லியத்தைக் குறைப்பது. 1,28,000 பிட்டில் முடித்தால் பதினொன்றில் ஒரு பங்கு. அவர்களைத் திணறடித்தது பெரிய இசைக்குழு அல்ல. சூசன் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டு. தவில் இல்லாத மண்டபத்தில் தும்மல் கேட்டுவிடுகிறதல்லவா, அதே கதைதான். ஒளிந்துகொள்ள எதுவும் இல்லாத அந்தக் குரல் நாராசமாக வெளியே வந்தது. அந்தப் பாட்டு சரியாகக் கேட்கும்வரை திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். ‘எம்பி3’ என்ற வால்பெயரை அந்தக் குழு முடிவு செய்த நாள் 1995 ஜூலை 14.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. தென்னிந்திய இசை கேட்பவர்கள் அதை அறிந்திருப்பது நல்லது. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக, அதாவது சுமார் 26 மில்லி விநாடித் துண்டுகளாகக் கையாள்கிறது. துல்லியத்தைக் குறைக்கும்போது எழும் இரைச்சல் ஒரு துண்டின் நீளம் முழுக்கப் பரவும். துண்டின் முதல் பாதி அமைதியாக இருந்து, பின்பாதியில் திடீரென ஓர் அடி விழுந்தால், அடிக்கு முன்னாலேயே ‘ஷ்’ என்று ஒரு நிழல் கேட்கும். சோதனைக்கூடங்களில் இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது ஸ்பானிய நடனக்காரர்கள் கையில் தட்டும் காஸ்டனெட் கட்டைகள். கஞ்சிராவும் கடமும் மிருதங்கத்தின் வலந்தலை அடியும் அதே குணம் கொண்டவைதாம். துண்டுகளைச் சிறிதாக்கிச் சமாளிக்கும் உத்தி எம்பி3-க்குள்ளேயே உண்டு என்றாலும், 128 கிலோபிட்டில் தனி ஆவர்த்தனம் கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும். 192, 256 என்று போனால் அந்தக் குறை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. கதாகாலட்சேபத்துக்கு 128 தாராளம். கருவியை மாற்றுவதற்கு முன் கோப்பை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

சென்னை பர்மா பஜாரில் ஒரே சிடியில் 150 பாட்டு விற்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். அதுவும் இந்தப் பதினொன்றில் ஒரு பங்குக் கணக்கின் பலன்தான்.

கையடக்கக் கருவிகள் 1998-இல் வந்தன. தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற ஒன்றை விற்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் டயமண்ட் நிறுவனத்தின் ரியோ வந்தது: 32 எம்பி நினைவகம், ஒரு பென்சில் பேட்டரி, விலை 200 டாலர். 128 கிலோபிட் பாட்டு அதில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அதற்கே இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது; 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2001 அக்டோபரில் ஐபாட் 5 ஜிபியோடு 399 டாலருக்கு வந்த கதை ஊரறிந்தது.

ஊரறியாத கதை சில்லுகளுடையது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்த சிக்மாடெல், சீனாவின் ஜூஹாய் நகரத்து ஆக்‌ஷன்ஸ் செமிகண்டக்டர் போன்ற நிறுவனங்கள், பிளேயருக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே சில்லுக்குள் அடைத்தன. எம்பி3-ஐ விரிக்கும் செயலி, எண்ணை மின்னலையாக மாற்றும் பகுதி, இயர்போனை ஓட்டும் பெருக்கி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சுற்று, கணினியோடு பேசும் யூஎஸ்பி எல்லாம் ஒரு நகக்கண் அளவுக்குள். 2005-இல் 99 டாலருக்கு வந்த முதல் ஐபாட் ஷஃபிளுக்குள்ளும் சிக்மாடெல் சில்லுதான் இருந்தது. அதன் உறவுக்காரச் சில்லுகள் பெயர் தெரியாத எத்தனையோ கருவிகளில் குடியிருந்தன. ஆக்‌ஷன்ஸ் சில்லு வைத்த சீனக் குச்சிகளோ நூறு பெயர்களில், நூறு நிறங்களில், ஒரே மெனுவோடு உலகமெங்கும் போயின. உறை வேறு, உயிர் ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் அடுத்தடுத்த இரண்டு கடைகளில் இரண்டு விலையில் இருக்கும் இரண்டு கருவிகள் ஒரே சில்லின் அண்ணன் தம்பிகளாக இருப்பது சர்வ சாதாரணம்.

ஒலியை எண்ணிலிருந்து அலையாக்கும் வேலை இவ்வளவு மலிவானதும், விற்பவர்களுக்குப் புதிய எண் தேவைப்பட்டது. அப்போது வந்ததுதான் ‘ஹை-ரெஸ்’. 16 பிட்டுக்குப் பதில் 24, 44.1 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 96 அல்லது 192.

16 பிட் என்பதே சன்னமான ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி தருகிறது. பேருந்து இரைச்சலுக்கு நடுவே, ஏன், மின்விசிறி ஓடும் அறையிலேயே, அந்த இடைவெளியின் கீழ்ப்பாதி கேட்காது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் 20 கிலோஹெர்ட்ஸ்வரை பிடிக்கலாம். இளம் காதின் எல்லையே அதுதான், நடுவயதில் அதுவும் இறங்கிவிடும். பாஸ்டனைச் சேர்ந்த மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. உயர்தர வட்டிலிருந்து வரும் ஒலியை நேராக ஒருமுறை, 16 பிட் சிடித் தரத்துக்கு இறக்கி ஒருமுறை எனக் கேட்பவருக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரியான விடை. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும்.

ஆனாலும் சந்தை ஓயவில்லை. பாடகர் நீல் யங் 2014-இல் ‘போனோ’ என்ற முக்கோணப் பிளேயருக்காகப் பொதுமக்களிடம் 60 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். 399 டாலருக்கு விற்ற அந்தக் கருவி மூன்று ஆண்டுகளில் அடங்கியது. 2015-இல் சோனி ‘உயர்ந்த ஒலிக்காக’ என்று எழுதிய 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றை ஜப்பானில் 18,000 யென்னுக்கு மேல் விலை வைத்து விற்றது. கார்டில் இருப்பது ஒன்றும் பூஜ்யமும். அவை எந்தக் கார்டிலிருந்து வந்தாலும் ஒன்றும் பூஜ்யமும்தான். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் தங்கமுலாம் பூசிய செப்பு உடலோடு சுமார் 3,200 டாலருக்கு ஒரு வாக்மேன் கொண்டுவந்தது. எடை 455 கிராம். சட்டைப்பையில் போட்டால் பை கிழியும்.

சரி, காது உண்மையிலேயே உணரும் வேறுபாடு எங்கே இருக்கிறது? இயர்போனைச் செருகும் துளையில். அதன் பின்னால் இருக்கும் வெளியீட்டு மின்மறுப்பு என்ற எண்ணைப் பெரும்பாலான பெட்டிகள் சொல்வதில்லை.

தெருக்கோடி வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளலாம். வழியில் குழாய் ஒடுக்கமாக இருந்தால், வீட்டில் ஒரு திருகைத் திறக்கும்போது வேகமாக வரும் நீர், மூன்று திருகைத் திறந்தால் சொட்டும். பிளேயரின் உள்மறுப்பு அந்த ஒடுக்கம். இயர்போன்களில், குறிப்பாகப் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகையில், மின்மறுப்பு எல்லாச் சுருதியிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு சுருதியில் 8 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று ஏறி இறங்கும் இயர்போன் ஒன்றை 10 ஓம் உள்மறுப்பு உள்ள பிளேயரில் செருகினால், முதல் சுருதிக்கு மின்னழுத்தத்தில் 44 விழுக்காடு கிடைக்கும், இரண்டாவதற்கு 80. டெசிபலில் சொன்னால் 5 டெசிபல் வித்தியாசம். தம்பூரா திடீரெனப் பின்வரிசைக்கும், ஜால்ரா முன்வரிசைக்கும் போனதுபோல் காதுக்குப் பளிச்சென்று தெரியும். அதே இயர்போனை 1 ஓம் உள்மறுப்புள்ள கருவியில் செருகினால் வித்தியாசம் ஒரு டெசிபலுக்கும் கீழே. இயர்போனின் மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பிளேயரின் மறுப்பு போகக்கூடாது என்பது இத்துறையில் புழங்கும் கைக்கணக்கு. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம்.

சான்டிஸ்க் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கிளிப் பிளஸ் இங்கேதான் பெயர் வாங்கியது. 2 ஜிபி வடிவத்தின் விலை 40 டாலர். தீப்பெட்டி அளவு, ஒற்றை நிறத்தில் ஒளிரும் துளித் திரை, சட்டையில் மாட்டும் கவ்வி, எஃப்எம் ரேடியோ, மெமரி கார்டுக்கு ஒரு துளை. ஆடம்பரமாக எதுவுமில்லை. ஆய்வுக் கருவிகளில் மாட்டி அளந்து பார்த்தவர்கள் அதன் வெளியீட்டு மறுப்பு 1 ஓம் அளவில் இருப்பதையும், பின்னணி இரைச்சல் குறைவாக இருப்பதையும் கண்டு அசந்தார்கள். பல மடங்கு விலையுள்ள கருவிகள் அந்த ஒரு விஷயத்தில் அதனிடம் தோற்றன. பெட்டியில் அந்த எண் இல்லை. இருந்திருந்தாலும் அதைப் பார்த்து வாங்கியிருப்பவர்கள் சொற்பம்.

இன்றைய சந்தையில் அந்த இடத்துக்குப் போட்டி போடுபவை சீன நிறுவனங்கள்: ஃபியோ, ஷான்லிங், ஹைபி. ஃபியோ தன் ஸ்னோஸ்கை வரிசையில் விற்கும் எக்கோ மினி, பழைய கேசட் உருவத்தில் 60 டாலர் அளவில் கிடைக்கிறது. அதற்குள் சிர்ரஸ் லாஜிக்கின் சிஎஸ்43131 என்ற மாற்றிச் சில்லு இரண்டு இருக்கின்றன. அந்தச் சில்லின் தரவுத்தாள் 130 டெசிபல் வீச்சு என்கிறது. எந்த மனிதக் காதுக்கும் இதற்கு மேல் தேவையில்லை. ஆகவே இந்த விலைக்கு மேலே போகும் ஒவ்வொரு ரூபாயையும் பிளேயரில் போடுவதைவிட இயர்போனில் போடுவதே கெட்டிக்காரத்தனம். ஒலியை மின்னிலிருந்து காற்றுக்கு மாற்றும் அந்தக் கடைசிப் பத்து மில்லிமீட்டரில் இன்னமும் பெரிய வேறுபாடுகள் மிச்சமிருக்கின்றன. ரப்பர் முனை காதில் சரியாக அடைக்காவிட்டால் தாழ்ந்த சுருதிகள் கசிந்தே போய்விடும்; எந்தச் சில்லாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ப்ளூடூத்தில் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறும். மாற்றிச் சில்லும் பெருக்கியும் அப்போது இயர்போனுக்குள்தான் இருக்கின்றன. பிளேயர் வெறும் தபால்காரர். எஸ்பிசி என்ற பொதுமுறையில் கிலோபிட் எண்ணிக்கை 328 அளவில் நின்றுவிடுகிறது. 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பைக் காசு கொடுத்து வாங்கி இந்த வழியில் அனுப்புவது, பட்டுப்புடவையைக் கசக்கிக் கடுகு டப்பாவில் அடைப்பதற்குச் சமம்.

நினைவகத்தின் கதையில் பொய்யும் கலந்திருக்கிறது.

டோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம், மின்சாரம் போனாலும் மறக்காது. நல்ல குணம். ஆனால் தன்னிடம் எத்தனை அறைகள் உள்ளன என்று கணினிக்குச் சொல்வது நினைவகம் அல்ல, அதன் வாசலில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு. அந்தச் சில்லைப் பொய் சொல்லப் பழக்கலாம். உள்ளே 8 ஜிபிதான்; கேட்டால் 128 என்று சொல்லும். பாட்டுகளை ஏற்றும்போது எந்தப் பிழையும் வராது. 8 ஜிபி நிரம்பியதும் புதிய பாட்டுகள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. பெயர்ப் பட்டியல் முழுசாக இருக்கும். பாட்டைத் தட்டினால் மௌனமோ கரகரப்போ வரும். சந்தையில் நம்பமுடியாத விலைக்குப் பெரிய கொள்ளளவு கிடைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கண்டுபிடிக்கும் வழியும் எளிது: முழுவதையும் தெரிந்த தரவால் நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடுவது. ஜெர்மானியக் கணினி இதழொன்றைச் சேர்ந்தவர் எழுதிய எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் இயங்கும் எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. இரண்டாவதின் முழுப்பெயரே ‘ஃபைட் ஃபிளாஷ் ஃபிராடு’. மெமரி கார்டு போட வழியுள்ள பிளேயரை வாங்கி, கார்டை நம்பகமான இடத்தில் தனியாக வாங்குவது இந்தத் தொல்லைக்கு நல்ல மாற்று. ‘32 ஜிபி வரை’ என்று எழுதிய சில கருவிகளும் 64 ஜிபி கார்டை ஏற்கும். 32-க்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வருகின்றன. அதைப் பழைய ஃபேட்32-க்கு மாற்றிக் கொடுத்தால் போதும், கிளிப் பிளஸ் வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டது.

அந்த ஃபேட் முறையில் இன்னொரு வினோதம் உண்டு. அது கோப்புகளை அகரவரிசையில் வைப்பதில்லை. ஏற்றிய வரிசையில் பதிவேட்டில் எழுதிக்கொண்டே போகும். மலிவு பிளேயர்கள் சில, அடுக்கிப் பார்க்கச் சோம்பல்பட்டு, பதிவேட்டு வரிசையிலேயே பாடும். ராகம், தானம், பல்லவி என்று மூன்று கோப்புகளை ஏற்றும்போது வரிசை பிசகினால் பல்லவி முதலில் வந்து நிற்கும். இடையில் ஒரு சின்ன வெட்டும் கேட்கும். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெற்றுமாதிரிகள் ஒட்டிக்கொள்வது அதற்குக் காரணம். எத்தனை ஒட்டின என்று நல்ல மென்பொருள் கோப்பிலேயே குறித்துவைக்கும். பிளேயர் அதைப் படித்தால் கச்சேரி அறுபடாது. மூன்று நிமிடச் சினிமாப் பாட்டு கேட்பவருக்கு இது பொருட்டே இல்லை. நேரடிக் கச்சேரிப் பதிவு கேட்பவருக்கு இந்த ஒன்றுக்காகவே வேறு கருவி வாங்கலாம்.

பேட்டரிக் கணக்கு சுருக்கமானது. 300 மில்லியாம்பியர்-மணி பேட்டரி, 20 மில்லியாம்பியர் இழுக்கும் கருவியை 15 மணி நேரம் ஓட்டும். பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் திரை அணைந்து, சன்னமான ஒலியில், சாதாரண எம்பி3 ஓடும்போது எடுத்தது. தரம் இழக்காமல் சுருக்கிய ஃபிளாக் கோப்பு, ப்ளூடூத், பிரகாசமான திரை என்று சேரச் சேர அது சுருங்கும். அதைவிட முக்கியமான கேள்வி, மூன்று ஆண்டுக்குப் பின் பேட்டரியை மாற்ற முடியுமா என்பது. ரியோவின் பென்சில் பேட்டரியை இதற்காகவே ஏக்கத்தோடு நினைப்பவர்கள் உண்டு.

கடையில் ஐந்து நிமிடம் கிடைத்தால் என்ன செய்யலாம்? சொந்த இயர்போனைக் கொண்டுபோவது முதல் வேலை. பாட்டை நிறுத்தி வைத்துவிட்டுக் காதைக் கூர்மையாக்கினால் ‘ஸ்’ என்ற இரைச்சல் கேட்கிறதா, பட்டனை அழுத்தும்போது ‘கிர்’ரென்று ஏதாவது உறுத்துகிறதா என்று தெரியும். ஒலியைப் பூஜ்யத்திலிருந்து ஒரே ஒரு படி ஏற்றிப் பார்ப்பது அடுத்தது. 30 படிகள் மட்டுமே உள்ள கருவிகளில் முதல் படியே நள்ளிரவுக்கு அதிகமாக இருக்கும். பிறகு கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டு, பார்க்காமலேயே அடுத்த பாட்டுக்குப் போக முடிகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தொடுதிரை பார்க்க அழகு. கூட்ட நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு மேடான ஒரு பட்டன் தரும் நிம்மதியைத் தொடுதிரை தராது. தமிழ்ப் பெயருள்ள கோப்பு ஒன்றைக் கார்டில் எடுத்துப் போவதையும் மறக்கக்கூடாது.

ஒலி எவ்வளவு பெரிதாக வருகிறது என்று சோதிக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்வது நல்லது. உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவுகோல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்கிறது, குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5. 98 டெசிபலில் வாரத்துக்கு நாற்பது நிமிடம்கூட இல்லை. வெளிச்சத்தத்தை அடைக்கும் ரப்பர் முனை இங்கே இன்னொரு வகையிலும் உதவுகிறது: பேருந்தின் சத்தத்தோடு போட்டி போட்டு ஒலியை ஏற்ற வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, பிளேயர் வேண்டுமா என்றே ஒருவர் கேட்கலாம். கையில் எப்போதும் போன் இருக்கிறது, இயர்போன் துளைதான் இல்லை என்றால், நேர்மையான பதில் வேறு. ஆப்பிள் 9 டாலருக்கு விற்கும் யூஎஸ்பி-சி இணைப்புத் துண்டுக்குள் ஒரு முழு மாற்றிச் சில்லும் பெருக்கியும் இருக்கின்றன; அளந்து பார்த்தவர்கள் அதன் வெளியீட்டு மறுப்பும் 1 ஓம் அளவுதான் என்கிறார்கள். ஒலிக்காக மட்டும் வாங்குகிறவர் அங்கேயே நின்றுவிடலாம். தனிப் பிளேயர் யாருக்கு என்றால், போன் வேண்டாம் என்று நினைக்கும் நேரம் உள்ளவர்களுக்கு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, விடியலில் நடக்கப் போகிறவர், சுப்ரபாதம் கேட்க விரும்பி அழைப்பு மணிகளை விரும்பாத பாட்டி. 2017-இல் சரிகம நிறுவனம் 5,000 பழைய பாட்டுகளை முன்கூட்டியே ஏற்றி ரேடியோ உருவத்தில் கொண்டுவந்த கார்வான், ஒலித்தரத்தைப் பற்றிப் பேசாமலே விற்றது. குமிழைத் திருப்பினால் பாட்டு வரும் என்பதே அதன் தொழில்நுட்பம். தமிழிலும் அது வந்தது.

கிளிப் பிளஸ் இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய பொருள் சந்தையில் அதைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராக்பாக்ஸ் என்ற இலவச இயங்குமென்பொருள் அதில் ஏறும் என்பது ஒரு காரணம். 2001-இல் சுவீடன் நிரலாளர்கள் சிலர், தங்களிடமிருந்த ஆர்க்கோஸ் பிளேயரின் மென்பொருள் பிடிக்காமல் சொந்தமாக எழுதத் தொடங்கியது ராக்பாக்ஸ். பின்னாளில் இணையத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும் ‘கர்ல்’ நிரலுக்காகப் பெயர் பெற்ற டேனியல் ஸ்டென்பர்கும் அவர்களில் ஒருவர். அதை ஏற்றினால் கச்சேரி இடையில் அறுபடாது, வரிசை குழம்பாது, ஒலியைச் சீர்செய்யும் வசதிகளும் கூடும். பெட்டியில் அச்சிட்டிருந்த எதுவும் மாறுவதில்லை. அதே சில்லு, அதே பேட்டரி.

புதுப் பிளேயரே போதும் என்பவருக்கும் ஒரு மாலை நேர வேலை மிச்சமிருக்கிறது. கார்டில் ஏற்றும் முன் கோப்புப் பெயர்களின் தலையில் 01, 02 என்று எண் போடுவது, வரிசைப்படி ஒவ்வொன்றாக ஏற்றுவது, தமிழைக் காட்டத் தெரியாத திரையாக இருந்தால் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதுவது. அப்படி எழுதினால் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 17 பைட் போதும். எரிக் கெம்ப் விட்டுவைத்த 30-இல் பதின்மூன்று காலியாகவே கிடக்கும்.